குழம்பானவர்கள் போட்ட சட்டம்

குளத்தங்கரைத் தென்னந்தோப்பில் ஒரு கோழிக்கொட்டகை இருந்தது. அந்தக் கொட்டகைக்கு ஒரு சட்டமும் இருந்தது. புதிதாக வருகிற கோழி முதல்நாள் சாயங்காலம் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். பழைய கோழிகள் வரிசையாக வந்து அதன் முதுகில் ஆளுக்கொரு இறகு பிடுங்கும். அதற்கு அப்புறம்தான் அது மூங்கிலில் ஏறி மற்றவர்களோடு அடையலாம்.

சட்டத்தைக் காத்து வந்தவள் சாம்பலாத்தா. நிறம் சாம்பல், உடம்பு பானை. தோப்பே தன் பெயரில் எழுதியிருப்பது போல நடப்பாள். வாயைத் திறந்தால் தொண்டைக்குள் உரல் உருளும். "க்கொர்ர்ர்! அங்க என்னடி சத்தம்? க்கொர்ர்ர்!"

அவள் பின்னாலேயே புள்ளியம்மா ஓடுவாள். "கெக்கெக்கே! அக்கா சொன்னா சரிதான்! கெக்கே!" சாம்பலாத்தா கொட்டாவி விட்டால்கூட அக்கா சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

சேவல் ஒன்றும் உண்டு. பெயர் சிலம்பன். விடியற்காலையில் மார்பைத் தூக்கி, கண்ணை மூடி, "கொக்கரக்கோஓஓ!" என்று இழுப்பான். அதோடு அன்றைய வேலை முடிந்தது. சூரியனே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறது என்பது அவன் நினைப்பு.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். தோப்புக்காரி முத்தரசி சந்தையிலிருந்து இரண்டு பெட்டைக் கோழிகளைக் கொண்டுவந்தாள். கால் கட்டை அவிழ்த்தாள். கொட்டகைக் கதவைத் திறந்தாள். இரண்டையும் உள்ளே தள்ளினாள். "ஐயையோ, அடுப்புல பாலு!" என்று ஓடிவிட்டாள்.

முத்தரசி செய்த தப்பு அதுதான். புதுக் கோழிகளைப் பஞ்சாரத்தில், அதுதான் கவிழ்த்துப் போடுகிற மூங்கில் கூடையில், சில நாள் கொட்டகை வாசலிலேயே வைத்திருக்க வேண்டும். கூடையின் கண் வழியாகப் புதுசும் பழசும் ஒன்றையொன்று பார்த்துப் பழகியிருக்கும். யார் பொறுத்திருக்கிறார்கள்? பால் பொங்குகிறதே!

வந்தவர்களில் ஒருத்தி தவிடி. தவிட்டு நிறம். யாராவது அவள் காலை மிதித்தால் அவளே "மன்னிச்சுக்குங்க" என்பாள்.

இன்னொருத்தி சிலுப்பி. அவள் இறகுகள் எல்லாம் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். புயலில் மாட்டிக்கொண்ட துடைப்பம் மாதிரி இருப்பாள். சந்தையிலேயே வளர்ந்தவள். அங்கே கேட்ட குரலெல்லாம் அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடு கத்துவது, வியாபாரி கூவுவது, பேருந்து ஹாரன் அடிப்பது, எது கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள்.

"க்கொர்ர்ர்! புதுசுங்களா? வரிசை கட்டுங்கடி! நீங்க ரெண்டு பேரும் தலையைக் குனிங்க!" என்றாள் சாம்பலாத்தா.

"கெக்கே! அக்கா சொன்னா சரிதான்!" என்று புள்ளியம்மா முதல் ஆளாக வந்து நின்றாள்.

தவிடி உடனே குனிந்துவிட்டாள். "சீக்கிரம் முடிஞ்சுடும்ல?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

சிலுப்பி குனியவில்லை. "எதுக்குக் குனியணும்?" என்றாள்.

அங்கே யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

"எதுக்கா? சட்டம்டி!"

"யார் போட்ட சட்டம், ஆத்தா?"

"எங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க போட்டது! எங்க எல்லாருக்கும் பிடுங்கினாங்க! நாங்க குனிஞ்சு வாங்கிக்கிட்டோம்!"

"அவங்கெல்லாம் இப்ப எங்க?"

சாம்பலாத்தா தொண்டையைச் செருமினாள். "அவங்க... குழம்பாயிட்டாங்க."

"அப்ப குழம்பானவங்க போட்ட சட்டத்துக்கா நான் உயிரோட குனியணும்?"

மூங்கிலில் இருந்த ஒரு கோழி பொக்கென்று சிரித்துவிட்டது. பிறகு பயந்துபோய்த் தலையை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டது.

சாம்பலாத்தாவின் கொண்டை சிவந்தது. "பிடிங்கடி அவளை!"

பிடித்தார்கள். கொத்தினார்கள். சிலுப்பி உதைத்தாள், பறந்தாள், புரண்டாள். எத்தனையோ இறகுகள் போயின. ஆனால் ஒன்றைக்கூட அவள் குனிந்து கொடுக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் நின்று, "பிடுங்கிட்டீங்க. சரி. நாளைக்கும் வாங்க, நாளைக்கும் குனிய மாட்டேன்!" என்றாள்.

தவிடி குனிந்தபடியே எல்லாக் கொத்தையும் வாங்கிக்கொண்டாள். "எனக்கு முடிஞ்சுது. நீயும் குனிஞ்சிருந்தா இவ்வளவு காயம் பட்டிருக்காது, சிலுப்பி" என்றாள்.

ஆனால் முடியவில்லை. மறுநாளும் தவிடியிடம் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். சட்டம் ஒரு சாயங்காலத்துக்குத்தான். குனிந்த முதுகோ எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தவிடி சோளத்தை நெருங்கினால் ஒரு கொத்து. தண்ணீர்ச் சட்டியை நெருங்கினால் ஒரு பிடுங்கு. சிலுப்பியிடம் போனால் திருப்பி உதைப்பாள், அதோடு பேருந்து ஹாரன் வேறு காதுக்குள் அடிப்பாள். அந்தத் தொல்லை எதற்கு என்று எல்லோரும் தவிடியிடமே வந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயலில் கடலை விதைத்தார்கள். விதைத்த வயலில் கோழி போனால் ஊரில் சண்டைதான். முத்தரசி பகலிலும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டாள். கிளற மண் இல்லை. பிடிக்கப் புழு இல்லை. துரத்தத் தும்பி இல்லை. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை கோழிகளுக்கும் ஒரே பொழுதுபோக்கு தவிடியின் முதுகு.

சிலுப்பி சேவலிடம் போனாள். "சிலம்பண்ணே, நீங்கதான இங்க பெரியவர். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சிலம்பன் கண்ணை மூடிக்கொண்டான். "தங்கச்சி, பருந்து வந்தா சொல்லு. கீரி வந்தா சொல்லு. வெளி ஆபத்து என் துறை. இது உள் விவகாரம். பெண்கள் பிரச்சினையில நான் தலையிடுறதே கிடையாது."

"தலையிடாதீங்க. தலையை நிமிர்த்தி அவ முதுகையாவது பாருங்க!"

சிலம்பன் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் தன் வாலைப் பார்த்துக்கொண்டான். அழகான வால்தான்.

தவிடியின் முதுகு வழித்த சட்டி போல ஆகிவிட்டது. அதில் புதிதாகக் குருத்து இறகுகள் முளைக்கத் தொடங்கின. குருத்து இறகுக்குள் இரத்தம் ஓடும். அதைப் பிடுங்கினால் காயம்தான். அன்று மத்தியானம் சாம்பலாத்தா சாவகாசமாக வந்தாள். ஒரு குருத்தைப் பார்த்தாள். வெடுக்கென்று பிடுங்கினாள்.

ஒரு சொட்டு இரத்தம் வந்தது. சிவப்பாக.

சிவப்பைக் கண்டால் கோழிகளுக்குப் புத்தி போய்விடும். கொத்தத் தோன்றும். கொத்தக் கொத்தச் சிவப்பு பெரிதாகும். பெரிதாக ஆக இன்னும் கொத்தத் தோன்றும். கொத்துப்படுகிற கோழி செத்து விழும்வரை அது நிற்காது. அது சிலுப்பிக்குத் தெரியும். சந்தைக் கூண்டில் பார்த்திருக்கிறாள்.

எல்லாக் கண்ணும் அந்தச் சொட்டின் மேல் திரும்பியது. எல்லாக் கழுத்தும் நீண்டது. தவிடி வழக்கம்போலக் குனிந்தாள். "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

சிலுப்பி பாய்ந்து அவள்மேல் இறக்கையை விரித்தாள். ஒரு இறக்கை எத்தனை அலகைத் தடுக்கும்? அவளிடம் இருந்தது தொண்டை ஒன்றுதான். திறந்தாள்.

"கொக்! கொக்! கொக்! பருந்து! பருந்து!"

அச்சு அசல் சிலம்பன் குரல்! அத்தனை கோழியும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டன. சிலம்பன்கூடப் படுத்துவிட்டான். படுத்த பிறகுதான், "அட, நான் கத்தவே இல்லையே!" என்று யோசித்தான்.

மெதுவாகத் தலைகள் எழுந்தன. மேலே கூரைதான் இருந்தது. கண்கள் மறுபடி சிவப்பைத் தேடின.

"பா... பா... பா... பா!" இது முத்தரசி தீனி போடும்போது அழைக்கிற குரல். எல்லோரும் கதவுப் பக்கம் ஓடினார்கள். முட்டிக்கொண்டார்கள். கதவில் யாரும் இல்லை. திரும்பி வந்தார்கள்.

"பீஈஈம்! பீஈஈம்! நகரு நகரு! உள்ள போ, உள்ள போ!" பேருந்தும் வந்து போனது. அதற்குப் பழகிப்போயிருந்தார்கள். யாரும் அசையவில்லை. சாம்பலாத்தா ஒரு அடி முன்னால் வைத்தாள்.

சிலுப்பி கடைசிக் குரலை எடுத்தாள். "கெக்கெக்கே! எவ்வளவு நாள்தான் அக்கா சொன்னா சரின்னு சொல்றது? அழுகின தக்காளியை நெத்தியில ஒட்டின மாதிரி ஒரு கொண்டை! அதுக்கு ஒரு அதிகாரம்! கெக்கே!"

சாம்பலாத்தா நின்றாள். மெல்லத் திரும்பினாள். "புள்ளி... இப்ப என்ன சொன்ன?"

"நானா? நான் வாயே திறக்கலையே அக்கா!"

"க்கொர்ர்ர்! தக்காளியா?"

அவ்வளவுதான். சாம்பலாத்தா புள்ளியம்மா மேல் விழுந்தாள். புள்ளியம்மா மூங்கிலில் ஏறினாள். மூங்கில் சாய்ந்தது. அதில் இருந்தவர்கள் சிலம்பன் தலையில் விழுந்தார்கள். "யார் என் வாலை மிதிச்சது!" என்று அவன் அலறினான். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது. கொட்டகை முழுக்க இறகு பறந்தது.

சத்தம் கேட்டு முத்தரசி கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். கதவைத் திறந்தாள். நடுவில் சாம்பலாத்தா நின்றாள். வாய் நிறையப் புள்ளி போட்ட இறகு.

"அடிப்பாவி! நீதானா இந்த இறகெல்லாம் பிடுங்கினது? நான் இத்தனை நாளா கீரி வந்து போகுதுன்னுல்ல நினைச்சேன்!"

சாம்பலாத்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இறகுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

முத்தரசி அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்தாள். தவிடியின் முதுகில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினாள். கசப்பு! ஒருத்தி கொத்திப் பார்த்துவிட்டு மூன்று முறை தும்மினாள். அதோடு யாரும் கிட்டே வரவில்லை. பிறகு முத்தரசி ஒரு கட்டு முருங்கைக் கீரையைக் கயிற்றில் கட்டி, எட்டியும் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டாள். இன்னொரு தீனிச் சட்டியும் இன்னொரு தண்ணீர்ச் சட்டியும் வந்தன. கோழிகள் நாளெல்லாம் கீரைக்குக் குதித்தன. குதிக்கிறவர்களுக்கு அடுத்தவர் முதுகு ஞாபகம் வரவில்லை.

வாலில் பாதி போன புள்ளியம்மா சிலுப்பியிடம் வந்தாள். "அது என் குரல் இல்லைன்னு நீயாவது அக்காகிட்ட சொல்லு."

"சொல்றேன். ஆனா சொன்னது பொய்யா?"

புள்ளியம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். பஞ்சாரம் தூரத்தில்தான் இருந்தது. "தக்காளி... சரியாத்தான் இருந்துச்சு" என்று கிசுகிசுத்தாள்.

சில வாரங்கள் கழிந்தன. கடலை முளைத்து வளர்ந்தது. கதவு திறந்தது. தவிடியின் முதுகில் தவிட்டு நிறத்தில் மெல்லிய இறகு படர்ந்தது. ஒரு சாயங்காலம் முத்தரசி பஞ்சாரத்தைத் தூக்கினாள். சாம்பலாத்தாவைக் கொட்டகைக்குள் விட்டாள்.

உள்ளே எல்லாம் மாறியிருந்தது. அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். யாரும் எழுந்து வழி விடவில்லை. அங்கே இப்போது புதுசு சாம்பலாத்தாதான்.

ஒரு கோழி மெல்லக் கேட்டது. "புதுசு வந்தா என்ன செய்யணும்?"

கொட்டகை முழுக்கக் கண்கள் மினுங்கின. அலகுகள் மூங்கிலில் தீட்டப்பட்டன. சிலுப்பி சாம்பலாத்தாவைப் பார்த்தாள். அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தாள்.

சாம்பலாத்தா அழவில்லை. கம்பீரமாக நடுவில் வந்து நின்றாள். தலையைக் குனிந்தாள். "க்கொர்ர்ர்! என்னடி வேடிக்கை? வரிசை கட்டுங்க! நான் இப்பப் புதுசு. சட்டப்படி பிடுங்குங்க!"

சிலுப்பி கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள். "ஆத்தா, பிடுங்கச் சொல்லிக் கேக்குறீங்களா? ஏன்?"

"ஏனா? இது என்ன கேள்வி! இன்னைக்கு நீங்க எனக்குப் பிடுங்கினாத்தான் நாளைக்கு வர்றவளுக்கு நான் பிடுங்க முடியும்! இல்லைன்னா எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பிடுங்குவேன்? பட்டவளுக்குத்தான்டி உரிமை! ம், வாங்க, வாங்க!"

"முதல் கொத்து தவிடிக்கு!" என்று யாரோ கத்தினார்கள். "அவதான் ரொம்பப் பட்டவ!"

"தவிடி! தவிடி!" என்று கொட்டகை கொக்கரித்தது.

தவிடி மூங்கிலிலிருந்து இறங்கினாள். சாம்பலாத்தாவின் பின்னால் போய் நின்றாள். சாம்பல் இறகுகளுக்கு நடுவே ஒரு இடம் மொட்டையாக இருந்தது. பழைய வடு. எப்போதோ, யாரோ, வரிசையில் வந்து பிடுங்கியது. பிடுங்கியவர்கள் குழம்பாகியும் அந்த இடத்தில் இறகு முளைக்கவே இல்லை.

தவிடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சீக்கிரம்டி! கழுத்து வலிக்குது!" என்றாள் சாம்பலாத்தா.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் தவிடி. பழக்கதோஷம். பிறகு தலையை நிமிர்த்தினாள். "இல்ல. மன்னிப்பெல்லாம் கேக்கல. நான் பிடுங்க மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன். நான் பிடுங்கினா இன்னைக்கோட முடியாது. அடுத்து வர்றவ முதுகுக்கும் நான்தான் வழி காட்டினதா ஆகும். மாட்டேன்னா மாட்டேன்!"

அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் மாட்டேன் அது. ருசியாக இருந்தது போலிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

சிலுப்பி அவள் பக்கத்தில் போய் நின்றாள். இறகையெல்லாம் சிலிர்த்தாள். வரிசையில் முண்டி வந்தவர்களைப் பார்த்தாள். "அவ மாட்டேங்கிறா. நானும் மாட்டேன். உங்கள்ல யாருக்காவது பிடுங்கணுமா? வாங்க! ஆனா எங்களைத் தாண்டித்தான் வரணும். பேருந்து காலியாத்தான் இருக்கு. பீஈஈம்!"

யாரும் வரவில்லை. வரிசை கலைந்தது. புள்ளியம்மா, "அக்கா சொன்னா..." என்று ஆரம்பித்தாள். எந்த அக்கா என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு கீரையைக் கொத்தப் போய்விட்டாள்.

சாம்பலாத்தாவால் தாங்க முடியவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாகத் துரத்தினாள். "ஒண்ணே ஒண்ணு பிடுங்குடி! எனக்கு வலிக்காதுடி! ஏய், நீயாவது வாடி! சிலம்பா, நீயாவது..."

"உள் விவகாரம்!" என்று சிலம்பன் மூங்கிலின் உச்சிக்கு ஏறிவிட்டான்.

கொட்டகை இருட்டும்வரை அவள் துரத்தினாள். ஒரு அலகும் திறக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய் மூங்கிலடியில் நின்றாள். அவள் முதுகில் ஒரு இறகும் குறையவில்லை. அவளை இப்படித் தோற்கடித்தவர்கள் இதுவரை யாருமே இல்லை.

"நான் எங்க அடையறது?" என்று சின்னக் குரலில் கேட்டாள்.

தவிடி ஒரு சாண் நகர்ந்தாள். "இங்க இடம் இருக்கு. ஏறி வா. கொத்தினா சிலுப்பியை எழுப்பிவிட்ருவேன்."

அடுத்த முறை சந்தையிலிருந்து புதுக் கோழிகள் வந்தபோது முத்தரசி அவசரப்படவில்லை. பஞ்சாரத்தில் போட்டு வாசலில் வைத்தாள். சாம்பலாத்தா தினமும் போய்க் கூடையின் கண் வழியாக முறைத்துப் பார்த்தாள். அவள் அலகு அரித்தது. மரப்பட்டையில் தேய்த்துக்கொண்டாள்.

"க்கொர்ர்ர்! முதுகு பூரா இறகு! கொஞ்சமாவது கூச்சம் இருக்கா பாரு இந்தக் காலத்துக் கோழிங்களுக்கு!" என்று தோப்பு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள்.

ஆனால் அவை உள்ளே வந்த அன்று அவளும் மூங்கிலில் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

தான் பட்ட வலியை அடுத்தவரிடம் இறக்கி வைக்கும் உரிமையாக நினைக்காமல், "என்னோடு இது நிற்கட்டும்" என்று நிமிர்ந்து மறுப்பவரே உண்மையான வீரர்.